மனப்பாரத்தைச் சொன்னால் புத்திமதி வருகிறது: என்ன செய்யலாம்?

யாழ்ப்பாணத்தில் ஆசிரியையாகப் பணிபுரியும் ஒருவர் கேட்டிருப்பதன் சாரம் இது. பாடசாலையில் அதிபரோடும் வீட்டில் மாமியோடும் உள்ள சிக்கல்களால் மனம் நொந்துபோகும் நாட்களில், கூடப்படித்த தோழிகள் மூவரில் ஒருவரிடம் அவர் அதைச் சொல்கிறார். சொல்லி முடிக்குமுன்பே "நீர் பேசாமல் இடமாற்றத்துக்கு எழுதிக் குடுமன்", "மாமியை மூத்தவர் வீட்டை கொஞ்ச நாளைக்கு அனுப்பும்", "உதுக்கெல்லாம் கவலைப்படலாமோ, நாங்கள் படாத பாடே?" என்று பதில்கள் வந்துவிடுகின்றன. கதைத்தபின் மனம் இலேசாவதற்குப் பதிலாக இன்னும் கனக்கிறது. அதைச் சொன்னால் நன்றிகெட்டவள் என்று நினைப்பார்களோ என்ற பயமும் இருக்கிறது. இனி எவரிடமும் எதையும் சொல்லாமல் இருப்பதே நல்லதா என்று கேட்கிறார்.

உளவளத்துணைப் பணியில் நீண்டகாலம் இருந்தவன் என்ற வகையில் என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சொல்வதை நிறுத்தவேண்டாம். நீங்கள் எதிர்பார்ப்பது நியாயமானது. உங்கள் தோழிகளும் மனமில்லாதவர்கள் அல்லர். அவர்கள் தரும் புத்திமதி பெரும்பாலும் தவறான நேரத்தில் வருகிறது. அந்த நேரத்தைத் திருத்துவதற்கான முதல் அடியைச் சொல்பவரே எடுத்துவைக்கலாம். இதைச் சற்று விரிவாக விளக்குகிறேன், ஏனெனில் இதே மனக்குறையை இங்கு மிகப் பலரிடம் கேட்டிருக்கிறேன், அவர்களுள் சிலர் உண்மையாகவே வாய்மூடிக்கொண்டு தனித்துப்போனதையும் கண்டிருக்கிறேன்.

மனத்தைத் தாக்கிய ஒன்றை இன்னொருவரிடம் சொல்லவேண்டும் என்ற உந்துதல் பலவீனத்தின் அடையாளம் அன்று. பெல்ஜிய உளவியலாளர் பேர்னார்ட் ரிமே இதைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்து, உணர்ச்சியைக் கிளறிய அனுபவங்களில் மிகப் பெரும்பாலானவற்றை மனிதர் யாரோ ஒருவரிடம் சொல்லிவிடுகிறார்கள் என்றும், அதுவும் பெரும்பாலும் அன்றைய தினமே சொல்லிவிடுகிறார்கள் என்றும் காட்டினார். அப்படிச் சொல்லும்போது நாம் தேடுவது முதலில் ஒரு துணையை. நடந்தது உண்மையில் நோகக்கூடியதுதான், நான் மிகைப்படுத்தவில்லை, என்னை இன்னும் மதிக்கிற ஒருவர் இருக்கிறார் என்ற உறுதி கிடைத்தபின்னரே மனம் அடுத்த படிக்கு நகரும். வழி தேடுகிற வேலை அந்த அடுத்த படியைச் சேர்ந்தது.

முதற்படி முடியுமுன் இரண்டாவது படியைத் திணிக்கும்போது என்ன நடக்கிறது என்பதைக் கவனியுங்கள். இடமாற்றத்துக்கு எழுதும்படி தோழி சொல்கிறார். உடனே நீங்கள், பிள்ளையின் படிப்பு, போக்குவரத்து, கணவரின் வேலை என்று அது ஏன் முடியாது என்பதற்கான காரணங்களை அடுக்கத் தொடங்குகிறீர்கள். அவர் அந்தக் காரணங்களுக்கும் ஒரு தீர்வு சொல்கிறார். நீங்கள் அதற்கும் மறுப்புச் சொல்கிறீர்கள். அழுகைக்காக வந்த நீங்கள் இப்போது ஒரு வழக்கில் எதிர்த்தரப்பாக நிற்கிறீர்கள். கடைசியில் "சொன்னால் கேக்கவும் மாட்டீர்" என்று அவர் சலிக்க, அதிபரால் நொந்த மனம் தோழியாலும் நோகிறது. புத்திமதியின் உள்ளடக்கம் நல்லதாக இருந்தாலும் இது நடக்கும். இவ்வளவு எளிதான வழி இருந்தும் இவளுக்குத் தெரியவில்லையே என்ற பொருள் அதற்குள் இருப்பதாகக் கேட்பவரின் காதில் விழுகிறது. தன் தெரிவுரிமையை ஒருவர் குறுக்குவதாக உணரும் மனிதர், சொல்லப்பட்டதற்கு எதிர்த்திசையில் இழுபடுவார் என்பதை அமெரிக்க உளவியலாளர் ஜாக் பிரெம் 1966இலேயே விளக்கியிருந்தார்; நல்லெண்ணத்தோடு சொல்லப்பட்டதற்கும் இது பொருந்தும்.

இந்த அனுபவம் நம் மொழியில் மிகப் பழையது. குறுந்தொகையின் 58ஆம் பாடலில், காதல் நோயால் வாடும் ஒருவன் தன்னை இடித்துரைக்கும் நண்பர்களுக்குப் பதில் சொல்கிறான். பாடியவர் வெள்ளிவீதியார். உங்கள் பேச்சால் என் நோயைத் தடுத்து நிறுத்த முடியுமானால் அது நல்லதே என்று தொடங்கி, வெயில் காயும் பாறையில் உருகும் வெண்ணெயைக் கையில்லாத ஊமை ஒருவன் கண்ணால் மட்டும் காப்பதுபோல இந்நோய் பரவுகிறது என்கிறான். காவல் இருப்பவனுக்கு வெண்ணெயை எடுத்து நிழலில் வைக்கவேண்டும் என்பது தெரியும். அதை எடுக்கக் கையில்லை, கூப்பிட்டுச் சொல்ல வாயும் இல்லை. உங்கள் நிலையும் இதுதான். மாமியோடு பொறுமையாக நடக்கவேண்டும் என்பதோ அதிபருடன் நேரே கதைக்கலாம் என்பதோ உங்களுக்குத் தெரியாத செய்தி அன்று. தெரிந்ததைச் செய்யும் தெம்பு அந்த நாளில் இல்லை. தெம்பு குறைந்தவரிடம் தகவலைக் கொடுத்தால் அது அவரின் இயலாமையைத்தான் அவருக்கு மீண்டும் காட்டும்.

நண்பரை இடித்துரைப்பதே நட்பு என்று வள்ளுவர் சொல்லியிருக்கிறாரே எனச் சிலர் 784ஆம் குறளைக் காட்டுவார்கள். அக்குறள் நண்பர் எல்லை கடந்து நடக்கும்போது செய்யவேண்டியதைச் சொல்கிறது. நொந்து வந்தவரைப் பற்றிச் சொல்லவில்லை. நொந்தவருக்குரியது அதே அதிகாரத்தின் 787ஆம் குறள். அழிவு வரும் வழியிலிருந்து விலக்குவது, நல்ல வழியில் நடத்துவது, அழிவு வந்துவிட்டபோது கூட இருந்து அத்துன்பத்தைத் தானும் அனுபவிப்பது என மூன்று கடமைகளை அது நட்புக்கு வைக்கிறது. முதல் இரண்டும் புத்திமதிக்கு இடம் தருகின்றன. மூன்றாவதில் வாய்க்கு வேலை குறைவு. நம்மவர் பலர் மூன்றாவதற்குரிய நேரத்தில் முதலிரண்டையும் செய்துகொண்டிருக்கிறார்கள்.

ஏன் அப்படிச் செய்கிறார்கள் என்பதையும் நியாயமாகப் பார்க்கவேண்டும். அன்பானவர் கலங்கி நிற்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது கடினம். ஏதாவது ஒரு தீர்வைச் சொல்லிவிட்டால் கேட்பவரின் சொந்தப் பதற்றம் அடங்குகிறது. இது எல்லா ஊருக்கும் பொது. யாழ்ப்பாணத்துக்கென்று இன்னொரு காரணமும் உண்டு என்பது என் கருத்து. போர்க்காலத்தில் இங்கு துன்பம் என்பது பெரும்பாலும் உடனடியாக ஏதாவது செய்யவேண்டிய ஒன்றாக இருந்தது. 1995 ஒக்டோபர் 30 அன்று யாழ் குடாநாட்டின் வலிகாமம் பகுதி முழுவதும் இடம்பெயர்ந்து கிழக்கே உள்ள தென்மராட்சியை நோக்கி நடந்தபோது, அழுகிறவரைத் தேற்றுவதைவிடத் தண்ணீருக்கும் இரவு தங்குவதற்கும் வழி சொன்னவரே உற்றவராக இருந்தார். எந்தப் பாதையால் போகலாம், எங்கே மருந்து இருக்கிறது, யாரிடம் கடிதம் வாங்கலாம் என்ற பேச்சுத்தான் அன்றைய அன்பின் மொழி. அந்தக் காலத்தில் வளர்ந்தவர்கள் ஒருவரின் கண்ணீரைக் கண்டவுடன் அடுத்து என்ன செய்யலாம் என்று யோசிப்பதைக் குணக்குறை என்று சொல்ல என்னால் முடியாது. அந்தப் பழக்கம் அவர்களையும் பிறரையும் காப்பாற்றியது. அதிபரோடு வந்த மனக்கசப்புக்கு மட்டும் அது பொருந்துவதில்லை.

புத்திமதி சொல்லாமல் கூட இருப்பதை நாம் புதிதாகக் கற்கவேண்டியதில்லை என்பதற்கு நம் செத்தவீடுகளே சான்று. துக்கம் விசாரிக்க வருபவர் பக்கத்தில் இருக்கிறார், கையைப் பிடிக்கிறார், பெண்கள் கட்டிப்பிடித்துச் சேர்ந்து அழுகிறார்கள். கடைசி நாட்கள் எப்படி இருந்தன என்று கேட்டு, அந்தக் கதையை இறந்தவரின் மனைவியோ மகளோ வருகிற ஒவ்வொருவருக்கும் திரும்பத் திரும்பச் சொல்ல இடம் கொடுக்கிறார்கள். எட்டுச்செலவு, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி என்று துயரத்துக்குக் கால அளவும் வகுத்திருக்கிறோம். அங்கே போய் எவராவது "இனி இப்படிச் செய்யும்" என்று தொடங்கினால் பக்கத்தில் இருப்பவர்களே அவரைத் தடுப்பார்கள். சாவுக்குக் கொடுக்கும் இந்த மரியாதையை உயிரோடிருப்பவரின் அன்றாட நோவுக்கும் கொடுக்கலாம் என்று நாம் நினைத்துப்பார்ப்பதில்லை.

வேறு சமூகங்களிலும் இதைத் தற்செயலாகக் கண்டறிந்திருக்கிறார்கள். 1953இல் இலண்டனில் சாட் வாரா என்ற பாதிரியார், தற்கொலை எண்ணத்தோடு தவிப்பவர்கள் அழைக்கலாம் என்று ஒரு தொலைபேசி இலக்கத்தை அறிவித்தார். ஆலோசனை தருவது தம் வேலை என்றே தொடக்கத்தில் அவர் நினைத்திருந்தார். நேரில் வந்தவர்கள் அவரைச் சந்திக்கக் காத்திருந்தபோது, தேநீர் கொடுத்து அருகிலிருந்து கதைகேட்ட சாதாரணத் தொண்டர்களோடு பேசியே பலர் ஆறுதல் பெற்றார்கள். பாதிரியாரைப் பார்க்கவேண்டிய தேவை அவர்களுள் பலருக்கு இல்லாமற் போயிற்று. அதைக் கண்டு அவர் பொறுப்பைத் தொண்டர்களிடம் ஒப்படைத்தார். இலங்கையில் 1974இல் தொடங்கிய சுமித்ரயோ அமைப்பும் அந்த வழியையே பின்பற்றுகிறது: தொண்டர்கள் கேட்பார்கள், தீர்ப்புச் சொல்லமாட்டார்கள், புத்திமதி கூறமாட்டார்கள். உலக சுகாதார நிறுவனம் 2011இல் வெளியிட்ட உள முதலுதவிக் கைந்நூலும், நெருக்கடியில் இருப்பவரிடம் அப்படி உணரக்கூடாது என்று சொல்லவேண்டாம், உங்கள் சொந்தக் கதையை எடுக்கவேண்டாம் என்றே அறிவுறுத்துகிறது. "நாங்கள் படாத பாடே" என்ற வாக்கியம் இந்த இரண்டையும் ஒரே மூச்சில் செய்துவிடுகிறது.

இப்போது பலரின் தோழியர் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் இருக்கிறார்கள் என்பதால் ஊடகத்தைப் பற்றியும் ஒரு சொல். நேரே கதைக்கும்போது இடையிடையே வரும் "ஓம்", "ம்", "பிறகு?" என்பவைதான் கேட்டலின் பெரும்பகுதி. வட்ஸ்அப்பில் நீங்கள் நீண்ட குரற்பதிவு ஒன்றை அனுப்பினால் அந்த இடைச்சொற்களுக்கு இடமே இல்லை. நேர வித்தியாசத்தால் அவர் சில மணிநேரம் கழித்து, வேலைக்குப் போகும் வழியில் அதைக் கேட்கிறார். வெறும் "ம்" என்று எழுதினால் அக்கறையில்லாததுபோலத் தெரியும் என்று பயந்து, முழுமையான பதில் ஒன்றைத் தயாரிக்கிறார். முழுமையான பதில் என்றால் புத்திமதிதான். ஆகவே மனம் கொதித்திருக்கும் நாளில் பதிவு அனுப்புவதைவிட, "ஒரு பத்து நிமிசம் கதைக்கலாமோ?" என்று கேட்டு அழைப்பெடுப்பது மேல். வெளிநாட்டுத் தோழி உங்கள் பாடசாலையையும் வீட்டையும் பல ஆண்டுகளாகக் கண்டிருக்கமாட்டார் என்பதையும் நினைவிற் கொள்ளுங்கள். அவர் சொல்லும் வழி அவர் வாழும் ஊருக்குப் பொருத்தமாக இருப்பது இயல்பு.

செய்யவேண்டியதில் முக்கியமானது, கதையைத் தொடங்குமுன் என்ன வேண்டும் என்பதைச் சொல்லிவிடுவது. "எனக்கு இப்ப வழி ஒண்டும் வேண்டாம், கொஞ்சம் கேட்டுக்கொண்டிருந்தால் காணும்" என்ற ஒரு வாக்கியம் போதும். இதைக் கதையின் முடிவில், மனம் நொந்தபின், குற்றச்சாட்டாகச் சொல்வதற்கும் தொடக்கத்தில் வேண்டுகோளாகச் சொல்வதற்கும் இடையே மிகுந்த வேறுபாடு உண்டு. தொடக்கத்தில் சொன்னால் தோழிக்கு ஒரு பாரம் இறங்குகிறது, ஏனென்றால் தீர்வு கண்டுபிடிக்கவேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. நடுவில் அவர் பழக்கதோஷத்தில் வழி சொல்லத் தொடங்கினால், "அதைப் பற்றிப் பிறகு உம்மட்டைக் கேக்கிறன், இதை முதல் சொல்லி முடிக்கவிடும்" என்று சொல்லிக் கதையைத் தொடருங்கள். பிறகு கேட்பதாகச் சொன்னதை உண்மையாகவே ஒருநாள் கேளுங்கள். அவருடைய அறிவுக்கும் உங்களிடம் மதிப்பு உண்டு என்று அவருக்குத் தெரியவேண்டும். நன்றிகெட்டவள் என்ற பெயர் வருமோ என்ற பயத்துக்கும் அதுவே மருந்து.

அம்மா, பெரியம்மா, சித்தி போன்ற மூத்தவர்களிடம் இவ்வாறு நேராகச் சொல்வது நம்மிடையே எளிதன்று, சொல்லவும் தேவையில்லை. புத்திமதி சொல்வது அவர்கள் தம் உரிமையாகவும் கடமையாகவும் கருதும் ஒன்று. கோயிலில் நேத்தி வைக்கச் சொன்னால், சாதகத்தைக் காட்டிப் பார்க்கச் சொன்னால், "ஓம் அம்மா, பார்ப்பம்" என்று ஏற்றுக்கொண்டு விடலாம். மனம் உடைந்து இருக்கும் பொழுதில் முதலாவதாக அவர்களிடம் போகாமல், கேட்கத் தெரிந்த ஒருவரிடம் சொல்லிச் சற்று ஆறியபின் அவர்களிடம் சொல்வது இருவருக்கும் நல்லது.

கேட்கும் இடத்தில் நீங்கள் இருக்கும்போது, "நான் ஏதும் சொல்லவோ, இல்லாட்டிக் கேட்டுக்கொண்டு இருக்கவோ?" என்ற கேள்வியைக் கேட்டுப்பாருங்கள். அதைக் கேட்டவுடனே சிலர் கண்கலங்குவதை நான் பார்த்திருக்கிறேன். அப்படி ஒரு தெரிவு இருக்கிறது என்று அதுவரை எவரும் அவர்களுக்குச் சொல்லியிருக்கவில்லை. உங்களிடமிருந்து அந்தக் கேள்வியைப் பெற்ற தோழி அதையே உங்களிடம் திருப்பிக் கேட்கவும் பழகுவார்.

இனி, உங்களுக்கு உவப்பில்லாத ஒன்றையும் சொல்லவேண்டும். மனத்தைக் கொட்டுவது மட்டும் நோயைத் தீர்க்காது. 2002இல் பிராட் புஷ்மன் 600 மாணவர்களோடு நடத்திய ஆய்வில், தம்மைக் கோபப்படுத்தியவரை நினைத்துக்கொண்டே குத்துப்பையைக் குத்தியவர்களின் கோபம் தணியவில்லை, கூடியது. எதுவும் செய்யாமல் அமைதியாக இருந்தவர்களே குறைந்த வன்மத்தோடு இருந்தார்கள். அதே 2002இல் அமண்டா ரோஸ் பாடசாலைப் பிள்ளைகளின் நட்புகளை ஆராய்ந்து, ஒரே துயரத்தை இருவர் சேர்ந்து திரும்பத் திரும்ப அலசுவது நட்பை இறுக்கமாக்குகிறது, ஆனால் மனச்சோர்வோடும் பதகளிப்போடும் அது தொடர்புபட்டிருக்கிறது என்று கண்டார். ரிமேயும், சொல்வதால் நெருக்கம் வளர்கிறது, ஆனால் நடந்ததை வேறு கோணத்தில் விளங்கிக்கொள்ளாமல் அதன் தாக்கம் தானாகக் குறைவதில்லை என்ற முடிவுக்கே வந்தார். ஆகவே அதிபர் சொன்ன அதே சொல்லை, அதே கொதிப்போடு, மாதக்கணக்காக அதே தோழியிடம் சொல்லிவருகிறீர்கள் என்றால், கேட்டல் செய்யக்கூடியதை அது செய்து முடித்துவிட்டது. அப்போது நீங்களாகவே "இப்ப சொல்லும், என்ர இடத்திலை இருந்தால் நீர் என்ன செய்வீர்?" என்று கேட்கும் வேளை வந்துவிட்டது. அவ்வாறு கேட்டுப் பெறும் ஆலோசனை மனத்தில் தங்கும்.

எவரும் கிடைக்காத இரவுகளுக்கு எழுத்து உண்டு. ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986இல் வெளியிட்ட ஆய்வில், மனத்தை உறுத்திய நிகழ்வைப் பற்றித் தொடர்ந்து 4 நாட்கள், நாளுக்கு 15 நிமிடம் எழுதிய மாணவர்கள் எழுதிய உடனே கவலை கூடியவர்களாக இருந்தபோதிலும், பின்வந்த மாதங்களில் மருத்துவ நிலையத்துக்குச் சென்றது குறைந்தது. நடந்ததை மட்டும் எழுதாமல் அதனால் எழுந்த உணர்ச்சியையும் சேர்த்து எழுதவேண்டும் என்பது அதன் முக்கிய நிபந்தனை. எழுதியதை எவருக்கும் காட்டவேண்டியதில்லை, கிழித்துப்போடலாம்.

கேட்டுக்கொண்டிருத்தல் மட்டும் போதாத இடங்கள் சில உண்டு. அவற்றை இங்கே விட்டுவிட எனக்கு மனமில்லை. வீட்டில் ஒருவர் அடிக்கப்படுகிறார், பிள்ளை ஒன்று துன்புறுத்தப்படுகிறது, அல்லது இனி வாழ விருப்பமில்லை என்று தோழி சொல்கிறார் என்றால், அங்கே பேசாமல் இருப்பது அன்பாகாது. தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று நேரடியாகக் கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. அவரைத் தனியே விடாமல், தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்தை அழைக்கலாம், அருகிலுள்ள வைத்தியசாலைக்குக் கூட்டிச்செல்லலாம். உயிராபத்து இல்லாத, ஆனால் நீண்டுகொண்டே போகும் குடும்பச் சிக்கல்களுக்குப் பிரதேச செயலகங்களில் உளவளத்துணைக்கென உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் சாந்திகம் போன்ற அமைப்பும் இப்பணியைச் செய்துவருகிறது. அங்கே போவது பைத்தியத்தின் அடையாளம் என்ற பழைய எண்ணத்தை எவரும் சுமக்கவேண்டியதில்லை.

மூன்று தோழியரில் எவரிடம் தொடர்ந்து சொல்வது என்று முடிவெடுக்க, ஒவ்வொருவரிடமும் ஒரு சிறிய மனக்குறையைச் சொல்லி, மேலே குறிப்பிட்ட வேண்டுகோளையும் முன்வைத்துப் பாருங்கள். சற்றுத் தடுமாறினாலும் கேட்க முயல்பவரிடம் பெரியதைச் சொல்லலாம். எவ்வளவு சொன்னாலும் வழி சொல்வதை நிறுத்தமுடியாதவர் இருந்தால், அவரிடம் விண்ணப்பம் எழுதுவது, வைத்தியரைத் தேடுவது, பிள்ளைக்கு நல்ல ரியூசன் பார்ப்பது போன்றவற்றுக்குப் போங்கள். அவர் அங்கே பெருந்துணையாக இருப்பார், அந்த நட்பும் கெடாது. நீங்கள் நம்பிச் சொன்னது வேறொருவரின் வாயிலிருந்து உங்கள் காதுக்கே திரும்பிவந்தது என்றால் மட்டும், அவரிடம் கோயில் திருவிழாவையும் பிள்ளைகளின் பரீட்சையையும் பற்றிக் கதையுங்கள், வீட்டுக் கதையை எடுக்கவேண்டாம்.